வாளையார் தாண்டி வேலைக்கு: சொந்தக் காரா, சீசன் டிக்கெட்டா?

பாலக்காட்டுப் பக்கம் குடியிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிற வீடுகளில், சம்பளம் கொஞ்சம் கூடியதும் எழுகிற பேச்சு ஒன்று உண்டு: "ஒரு கார் எடுத்துடலாமா?" பெரும்பாலும் இந்தப் பேச்சு இரண்டு தேவைகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் தொடங்குகிறது. மாதம் 24 நாள் வேலைக்குப் போய்வர வழி வேண்டும் என்பது ஒரு தேவை. ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினாலும், ஐந்து பேர் பட்டுச்சேலையும் நகையுமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் வாசலில் ஒரு வண்டி வேண்டும் என்பது இன்னொரு தேவை. முதல் தேவைக்குக் கார் மிகவும் நஷ்டம். இரண்டாவது தேவைக்குக் கார் பல வீடுகளில் நியாயம்தான், ஆனால் அதற்குப் புது கார் வேண்டியதில்லை. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஊர் எது என்று கேட்க வேண்டும். ஒலவக்கோடு, கஞ்சிக்கோடு, மாநில எல்லையில் உள்ள வாளையார் என்று ரயில் பாதையை ஒட்டி இருப்பவர்கள் ஒரு வகை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று உள்ளே இருப்பவர்கள் வேறு வகை. முதல் கூட்டத்துக்கு 1862இலிருந்து ஓடுகிற ரயில் இருக்கிறது. இரண்டாம் கூட்டத்துக்குக் கோவை போக பஸ் மட்டும்தான். பாலக்காடு–பொள்ளாச்சி அகலப் பாதை 2015இல் திறந்தது உண்மை. ஆனால் புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் வழியாகப் போகிற அந்தப் பாதையில் ஓடும் வண்டிகள் கொஞ்சம். காலை எட்டரை மணி வேலைக்கு அதை நம்ப முடியாது.

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ஒரு வழி 55 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போய்வர 110, மாதம் 24 நாளுக்கு 2,640 கி.மீ. எல்லாச் செலவும் சேர்த்து 7 லட்சத்துக்குச் சாலைக்கு வரும் ஒரு சிறிய பெட்ரோல் கார், போக்குவரத்து நெரிசலும் ஏசியும் சேர்த்து லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்தால், மாதம் 155 லிட்டர். கோவைப் பக்கம் லிட்டர் 102 ரூபாய் என்று பிடித்தால் பெட்ரோலுக்கு மட்டும் 15,800 ரூபாய். கேரளப் பக்கம் போட்டால் இன்னும் கூடும். அங்கே விற்பனை வரி அதிகம், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வையும் சேர்கிறது. விலை வித்தியாசம் லிட்டருக்கு 4, 5 ரூபாய் வரும். அதனால்தான் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது வாளையாரைத் தாண்டுமுன் தமிழ்நாட்டுப் பக்கமே டாங்க்கை நிரப்பிக்கொள்கிறார்கள். 155 லிட்டருக்கு அதில் மிச்சம் 600 ரூபாய்க்கு மேல்.

பெட்ரோல் செலவு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது தேய்மானம். இந்த ஓட்டத்தில் ஐந்து ஆண்டில் வண்டி 1,60,000 கி.மீ. நெருங்கும். அப்படி ஓடிய சின்ன காரை 2 லட்சத்துக்கு யாராவது எடுத்தால் நல்ல விலை. ஆக 5 லட்சம் போயிற்று, மாதத்துக்கு 8,300. கடன் 5.5 லட்சம், 9.5 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் தவணை சுமார் 11,550, மொத்த வட்டி 1.43 லட்சம், அது மாதம் 2,400. பத்தாயிரம் கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு மூன்று, மாதம் 1,600. நாலு டயரும் 40,000 கி.மீ. தாங்கினால் பதினைந்து மாதத்துக்கு ஒரு செட், 18,000 ரூபாய், மாதம் 1,200. காப்பீடு மாதக் கணக்கில் 1,300. சுங்கம் 720. கழுவுவது, பஞ்சர், வைப்பர், பேட்டரி எல்லாம் சேர்த்து 500. கூட்டினால் மாதம் ஏறக்குறைய 32,000 ரூபாய். கோவையில் வண்டி நிறுத்த வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் அது தனி.

சுங்கத்துக்கு ஏன் 720 என்று கேட்கலாம். தேசிய நெடுஞ்சாலை 544இல் கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவே பாம்பாம்பள்ளத்தில் சாவடி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15இலிருந்து சொந்தக் கார்களுக்கு ஆண்டு ஃபாஸ்டாக் பாஸ் வந்திருக்கிறது: 3,000 ரூபாய்க்கு 200 முறை அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் முடிகிறதோ அது. 'ஆண்டு பாஸ்' என்ற பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. தினமும் போய்வந்தால் மாதம் 48 முறை கடக்கிறீர்கள், முறைக்கு 15 ரூபாய் வீதம் அதுதான் 720. நாலே மாதத்தில் 200 தீர்ந்துவிடும், மறுபடி 3,000 கட்ட வேண்டும். சாவடியிலிருந்து 20 கி.மீ. சுற்றளவுக்குள் குடியிருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி உள்ளூர் மாதப் பாஸ். அது 350 ரூபாய் அளவில்தான். ஆதாரோ வேறு முகவரிச் சான்றோ, ஆர்.சி.யும் கொண்டுபோய்ச் சாவடி அலுவலகத்திலேயே எடுக்கலாம். முகவரி அந்தச் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும். கோவையில் குடியிருந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வருகிறவர்களில் பலருக்கு இது கிடைக்காது.

இனி ரயில். சீசன் டிக்கெட் 150 கி.மீ. வரை கொடுப்பார்கள். பாலக்காடு–கோவை இரண்டாம் வகுப்பு மாத சீசன் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். மூன்று மாதத்துக்கு எடுத்தால் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான், ஆண்டுக்கு 10.8 மடங்கு. சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் ஏறுவதாக இருந்தால் அதற்கான கூடுதல் கட்டணத்தையும் சீசனோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பரிசோதகர் கையில் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணிதான். முன்பதிவுப் பெட்டியிலும் சீசன் செல்லாது. சீசன் பயணிகளுக்கென்று விட்ட பெட்டிகள் மட்டும் விலக்கு. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன், பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் இலவசம். எட்டிமடையில் படிக்கிற பெண்ணுக்குக் கல்லூரிச் சான்றோடு விண்ணப்பித்தாலே போதும், பல வீடுகளில் கேட்பதே இல்லை.

ரயிலின் உண்மையான செலவு இரண்டு முனையிலும் இருக்கிறது. பாலக்காடு ஜங்ஷன் என்பது ஒலவக்கோட்டில் இருக்கிறது. நகரின் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலைந்து கி.மீ. தள்ளி. ஸ்கூட்டரில் தினமும் பத்து கி.மீ. போய்வந்தால் மாதம் 565 ரூபாய் பெட்ரோல், நாளுக்கு 20 ரூபாய் வைத்து ஸ்டாண்டுக் கட்டணம் 480, ஸ்கூட்டர் சர்வீஸுக்கு 300. கோவையில் இறங்கி நகரப் பஸ் ஒரு தடவைக்கு 15 என்றால் 720. பெண்களுக்குச் சாதாரண நகரப் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து இந்தத் தொகையும் கிடையாது. ரயில் தவறிய நாளில் பஸ், மழை நாளில் ஆட்டோ என்று ஆயிரம் ரூபாயை ஒதுக்கினாலும் எல்லாம் சேர்ந்து 3,400 ரூபாயைத் தாண்டாது.

வித்தியாசம் மாதம் 28,000க்கு மேல். அந்தப் பணத்துக்குக் கார் என்ன தருகிறது? நேரம். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை காரில் ஒன்றேகால் மணி என்றால், ஸ்கூட்டர், காத்திருப்பு, ரயில், நகரப் பஸ் எல்லாம் சேர்ந்து இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறையும். நாளுக்கு ஒன்றேகால் மணி, மாதம் 30 மணி மிச்சம். ஒரு மணி நேரத்துக்கு 930 ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறீர்கள். உங்கள் வேலை மணிக்கு அவ்வளவு சம்பாதித்துத் தருமானால் கார் நியாயம். இல்லையென்றால் இல்லை. ரயிலில் கழிகிற ஒரு மணி நேரத்தில் தூங்கலாம், படிக்கலாம். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது வாய்க்காது.

பணத்தில் வராத தொல்லைகளும் இந்தப் பாதைக்கே உரியவையாக இருக்கின்றன. வாளையாருக்கும் மதுக்கரைக்கும் நடுவே தண்டவாளம் காட்டுக்குள் போகிறது. யானை கடக்கிற இடம். அங்கே ரயிலுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு, 2024 முதல் யானை வருவதைக் கண்டு எச்சரிக்கிற செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களும் மதுக்கரைப் பக்கம் வைத்திருக்கிறார்கள். சில நாள் வண்டி பத்து, பதினைந்து நிமிடம் பிந்துவதற்கு இது காரணம். அதை வசை பாட நமக்கு உரிமை இல்லை, காடு யானையுடையது. அந்தப் பதினைந்து நிமிடத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து, வேலை நேரத்துக்கு ஒரு வண்டி முன்னதாகப் பழகிக்கொள்வதுதான் வழி. இன்னொன்று, எல்லா ரயிலும் கோவை ஜங்ஷனுக்கு வருவதில்லை. சில நெடுந்தூர வண்டிகள் போத்தனூரிலேயே நின்று இருகூர் பக்கம் திரும்பிவிடும். குறிச்சி, சுந்தராபுரம், ஈச்சனாரிப் பக்கம் வேலை என்றால் போத்தனூரில் இறங்குவதே நல்லது. பீளமேடு, சரவணம்பட்டி என்றால் அந்த வண்டியில் ஏறினால் கெட்டது.

ஹர்த்தால் நாள் தனிக் கதை. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் தமிழ்நாட்டு பஸ் வாளையாருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், அந்தப் பக்கத்து பஸ்ஸும் ஓடாது. சொந்தக் காரை எடுப்பதும் அன்று துணிச்சல்தான். ரயில் மட்டும் ஓடும். 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொன்னபிறகு திடீர் ஹர்த்தால்கள் குறைந்தன. ஆகவே சீசன் டிக்கெட் கையில் இருப்பது பஸ்ஸில் போகிறவருக்கும் ஒரு காப்பு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் ரயிலிலும் நெடுஞ்சாலையிலும் ஒருசேரத் தெரியும். அந்த இரண்டு மாதம் எந்தப் பக்கமும் சுகமில்லை.

ரயில் பாதையை விட்டு உள்ளே இருப்பவர்களுக்கு, அதாவது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தவர்களுக்கு, கேள்வியே வேறு. கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? உங்கள் வேலை அதற்கு முக்கால் மணி முன்னால் முடிகிறதா? முடிகிறதென்றால் பஸ் போதும். எல்லை தாண்டும் பஸ்ஸில் அந்தந்த மாநிலத்துக் கட்டணம்தான் அந்தந்தத் தூரத்துக்கு. கேரளத்தில் 2022 மே முதல் சாதாரண பஸ்ஸுக்குக் கி.மீ.க்கு 1 ரூபாய், குறைந்தது 10 ரூபாய். தமிழ்நாட்டுத் தூரத்துக்கு அதைவிடக் குறைவு. கடைசி பஸ் போன பிறகு ஷிப்ட் முடிகிற பஞ்சாலை, பவுண்டரி வேலைக்காரருக்குப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான் விடை. ஒரு வழி 35 கி.மீ. என்றால் மாதம் 1,680 கி.மீ., லிட்டருக்கு 45 கிடைத்தால் 3,800 ரூபாய் பெட்ரோல். காரில் அதே தூரத்துக்கு 10,000. ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும், லாரியைத் தாண்டும் நொடியில் வண்டியைத் தள்ளும். அந்த மாதங்களில் இரவு ஓட்டத்தில் வேகத்தை 50க்குள் வைப்பதும், ஒரே ஷிப்டில் வருகிறவர்கள் சேர்ந்து ஒரு காரில் வருவதும் உயிருக்கு நல்லது.

சேர்ந்து போவதில் கணக்கு மாறுவதைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒருவரிடம் கார் இருந்து, பாலக்காட்டிலிருந்து நாலு பேர் ஒரே இடத்துக்குப் போனால், பெட்ரோலும் சுங்கமும் 16,500. தலைக்கு 4,100. ரயில் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. வெள்ளை போர்டு வண்டியில் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொள்வதோடு நிறுத்த வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து லாபம் பார்த்தால் அது வாடகை ஓட்டம். பர்மிட் இல்லாத வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வழி இருக்கிறது.

மின்சாரக் கார் இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டுகிறது. 110 கி.மீ.க்கு 16 யூனிட் என்றால் மாதம் 384 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலும் 3,100 ரூபாய், பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான சலுகை போய் முழு யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை விழும் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும், வீட்டின் மற்ற மின்செலவுக்கும் அது பொருந்தும். விலையில் நாலைந்து லட்சம் கூடுதல், ஐந்து ஆண்டு கழித்து என்ன விலைக்குப் போகும் என்பது நிச்சயமில்லை. தினமும் நூறு கி.மீ. ஓடியே ஆகவேண்டும், ரயிலும் கிடையாது, வீட்டில் சார்ஜ் போட இடமும் உண்டு என்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

இனி இரண்டாவது தேவை, வீட்டுக்கான வண்டி. நாலைந்து வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார் 3.2 லட்சத்துக்கு எடுத்து மாதம் 500 கி.மீ. ஓட்டினால் பெட்ரோல் 3,100, தேய்மானம் 2,500, காப்பீடு, சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் 1,700. மொத்தம் 7,300. இதை டாக்சியோடு ஒப்பிடுங்கள். கேரளத்தில் 1500 சி.சி.க்குக் கீழே உள்ள டாக்சிக்கு 2022இல் நிர்ணயித்த கட்டணம் முதல் ஐந்து கி.மீ.க்கு 200, பிறகு கி.மீ.க்கு 18. கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்வர 110 கி.மீ. என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம், காத்திருப்பு தனி. மாதம் மூன்று முறைக்குக் கீழே என்றால் டாக்சியே லாபம். அதற்கு மேல் என்றால், வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், பழைய கார் வாங்குவது சரி. டாக்சி பேசும்போது பக்கத்து மாநிலத்துக்குள் போக பர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லையில் போய்த் தெரிந்துகொண்டால் அந்தப் பணம் உங்கள் தலையில் விழும்.

புது காரையே ஏழு ஆண்டுத் தவணையில் எடுக்கலாம், மாதம் 9,000தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்து ஆண்டை ஏழாக நீட்டினால் வட்டி 1.43 லட்சத்திலிருந்து 2 லட்சத்தைத் தாண்டும். இரண்டரை ஆண்டில் வண்டி முழுதாக நொறுங்கினால் காப்பீட்டு மதிப்பு விலையில் 30 சதவீதம் கழித்துத்தான். சாலைக்கு 7 லட்சத்தில் வந்த வண்டியின் ஷோரூம் விலை 6 லட்சம் என்றால் 4.2 லட்சம். அப்போது கடனில் நிற்பது 3.9 லட்சம். கையில் மிஞ்சுவது முப்பதாயிரம்கூட இல்லை.

எல்லைப் பகுதியில் பழைய கார் வாங்குவதில் அதிகம் பேர் அடிபடுவது பதிவு விஷயத்தில். பொள்ளாச்சியிலோ கோவையிலோ டி.என். வண்டி விலை கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். கேரளத்தில் குடியிருப்பவர் அதை வாங்கி அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கிற வண்டிக்கு அந்த மாநிலத்துப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் தடையில்லாச் சான்று. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35இல் வங்கி கடனை நீக்கியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பிறகு புது ஆர்.டி.ஓ.விடம் படிவம் 27, மிச்ச ஆண்டுகளுக்கான கேரள வரி. தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் பங்கைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது கைக்கு வர நாளாகும். இந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் குறைந்த விலை என்று நினைத்தது பல நேரம் குறைந்ததாக இருக்காது. காப்பீட்டைப் பெயர் மாற்றப் பதினான்கு நாள்தான் அவகாசம் என்பதையும் மறக்கக் கூடாது.

வண்டியைப் பார்க்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே மடிந்திருக்கிற பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் நிறைய கைமாறின. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னிக் குழிக்குள் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 30,000 கி.மீ.தான் ஓடியது என்று மீட்டர் சொல்லி, நாலு டயரும் புதிதாக இருந்தால் மீட்டரைச் சந்தேகியுங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுக் கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2023 ஜூனிலிருந்து கேரளச் சாலைக் கேமராக்கள் சீட் பெல்ட் போடாததற்கு 500 ரூபாய் என்று வெளிமாநில வண்டிகளுக்கும் அனுப்புகின்றன, விற்பவருக்கே அது தெரிந்திருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் புது காரிலேயே நின்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு மாதம் சீசன் எடுத்துப் போய்ப் பாருங்கள். ரயில் தவறிய நாள், பிந்திய நாள், ஆட்டோ பிடித்த நாள், ராத்திரி டாக்சி கூப்பிட்ட நாள் என்று காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். சபரிமலைக் கூட்டம் இல்லாத மாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒலவக்கோட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரைக் காலை ஆறரைக்கே விட்டுவிட்டால் நிழலில் இடம் கிடைக்கும்.